ஐந்து மைக்ரான் படலமும் நெற்றி எண்ணெயும்

எண்ணெய்ப் பசை முகத்துக்கு ஃபவுண்டேஷன் வாங்கக் கிளம்புமுன் இரண்டு அளவுகளைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். முகத்தோல் ஒரு நாளில் எவ்வளவு எண்ணெய் விடுகிறது என்பது ஒன்று. நாம் பூசும் பூச்சு அதன்மேல் எவ்வளவு கனமாக உட்கார்ந்திருக்கிறது என்பது இன்னொன்று.

முதல் அளவை எடுத்த விதமே சுவாரசியமானது. 1961-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜான் ஸ்ட்ராஸ், பீட்டர் போச்சி என்ற தோல் மருத்துவர்கள், ஆய்வுக்கு வந்தவர்களின் நெற்றியைத் துடைத்துச் சுத்தம் செய்து, சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதங்களை அதன்மேல் வைத்துக் கட்டுப்போட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்துக் காகிதத்தை எடுத்து, அதில் ஊறியிருந்த கொழுப்பை ஈதரில் கரைத்துப் பிரித்து எடை போட்டார்கள். வளர்ந்தவர்களின் நெற்றியில் 10 சதுர சென்டிமீட்டர் பரப்பு, மூன்று மணி நேரத்தில் சுமார் 1 மில்லிகிராம் எண்ணெய் விடும் என்பது இவ்வகை அளவீடுகளிலிருந்து கிடைத்த பொதுக் கணக்கு. அரை மில்லிகிராமுக்குக் கீழே போனால் வறண்ட சருமம். ஒன்றரையைத் தாண்டினால் எண்ணெய்ச் சருமம். சிலருக்கு அது 4 மில்லிகிராம்வரைகூடப் போகும்.

காலை 9 மணிக்கு மேக்கப் போட்டுக்கொண்டு கிளம்பி மாலை 6 மணிக்கு வீடு திரும்புகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று மணி நேரத்துக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால், அந்த ஒன்பது மணி நேரத்தில் 10 சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிகிராம் வருகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.6 மில்லிகிராம். இப்போது பூச்சின் கணக்கு. முகம் முழுவதற்கும் அரை கிராம் திரவ ஃபவுண்டேஷன் எடுத்தால், சுமார் 500 சதுர சென்டிமீட்டர் முகப்பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் விழும். அதில் ஏறத்தாழப் பாதி, தண்ணீரும் ஆவியாகிவிடும் திரவங்களும்தான். கொஞ்ச நேரத்தில் அவை பறந்துபோகும். மிஞ்சும் அரை மில்லிகிராமின் கனம் நான்கைந்து மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஆக, மாலைக்குள் நெற்றி விட்ட எண்ணெய், தன் மேல் இருக்கும் பூச்சின் எடையையே எட்டிப்பிடித்துவிடுகிறது. பூச்சில் எண்ணெய் உறிஞ்சும் தூள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. காய்ந்த படலத்தில் பத்தில் ஒரு பங்கு நுண்துளைச் சிலிக்கா என்றும், அது தன் எடையைப்போல் இரு மடங்கு எண்ணெய் குடிக்கும் என்றும் தாராளமாகவே கணக்குப் போட்டாலும், சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான் உறிஞ்ச முடியும். இந்தப் பெண்ணின் நெற்றிக்கு அது ஒன்றரை மணி நேரத்து எண்ணெய். தூளை இரட்டிப்பாக்கினால் மூன்று மணி நேரம். '24 மணி நேரம் மேட்' என்று டப்பாவில் அச்சடித்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயைத் தடுக்கும் பூச்சு என்று ஒன்று இல்லை. எண்ணெய் வந்த பிறகும் கலையாமல் நிற்கிற பூச்சைத் தேடி வாங்கி, அதை மெல்லிசாகப் பூசி, வருகிற எண்ணெயை அவ்வப்போது ஒற்றி எடுத்துவிடுவதே நடக்கிற காரியம்.

இந்த எண்ணெய்க்குச் சீபம் என்று பெயர். முகத்திலும் உச்சந்தலையிலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. கை கால்களில் அதில் சிறு பங்குதான். இவை உமிழ்நீர்ச் சுரப்பிபோல் வேலை செய்வதில்லை. சுரப்பியின் அடியில் பிறக்கும் செல், மேலே நகர நகரக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே வந்து, கடைசியில் தானே வெடித்துக் கரைந்து எண்ணெயாகிவிடுகிறது. பிறப்பிலிருந்து வெடிப்புவரை இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அந்த எண்ணெயில் பெரும்பகுதி டிரைகிளிசரைடும் அதிலிருந்து பிரிந்த கொழுப்பு அமிலங்களும். கால் பங்கு மெழுகு எஸ்டர். எட்டில் ஒரு பங்கு ஸ்குவாலீன். மனிதச் சருமத்துக்கே உரிய கொழுப்பு அமிலம் ஒன்றும் இதில் உண்டு: சேப்பியெனிக் அமிலம். ஹோமோ சேப்பியன்ஸ் என்ற நம் இனப்பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

அடிக்கடி முகம் கழுவினால் சருமம் பயந்துபோய் இன்னும் அதிகமாக எண்ணெய் விடும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. ஆனால் இன்று மதியம் நெற்றியில் மின்னும் எண்ணெய், இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தயாராகத் தொடங்கிவிட்டது. மேற்பரப்பில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று சுரப்பி எட்டிப்பார்ப்பதில்லை. தோல் மருத்துவர்களான ஆல்பர்ட் க்ளிக்மனும் வால்டர் ஷெல்லியும் 1958-இலேயே இதைச் சோதித்து, அப்படிப்பட்ட கட்டுப்பாடு ஏதும் இல்லை என்று எழுதினார்கள். சுரப்பியை ஆட்டிவைப்பவை ஹார்மோன்கள், முக்கியமாக ஆண்ட்ரோஜன்கள். திடீரென்று எண்ணெய் வழிதல் கூடி, அதோடு விடாத பருக்கள், தள்ளிப்போகும் மாதவிடாய், முகத்தில் முடி என்று சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கக்கூடும். அப்போது முதலில் போக வேண்டியது மருத்துவரிடம்; அழகு சாதனக் கடைக்குப் பிறகு போகலாம்.

எண்ணெய் வரத்தை மாற்றும் இன்னொரு விஷயம் வெப்பம். தோலின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் எண்ணெய் வரத்து ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. அதே முகம், அதே ஃபவுண்டேஷன், குளிரூட்டிய அலுவலகத்தில் நாள் முழுக்க நிற்பதும், சித்திரை மாதத்தில் பேருந்து நிறுத்தத்தில் இருபது நிமிடம் நின்றதும் கலைவதும் இதனால்தான். வியர்வை தனிக்கதை. அது எண்ணெயோடு கலந்து பால்மமாகிப் படலத்தை அடியிலிருந்து தூக்கிவிடும். சென்னையைப் போன்ற கடலோரப் புழுக்கத்தில் வியர்வை சுலபத்தில் ஆவியாகவும் செய்யாது. குளிர்நாட்டில் சோதித்துப் பார்த்த நீடிப்பு நேரத்தை இங்கே அப்படியே எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

எண்ணெய் ஏன் மினுங்குகிறது? தோலின் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. உலர்ந்த தோலில் நுண்ணிய மேடு பள்ளங்கள் நிறைய. அந்த 4 சதவீதமும் ஆளுக்கொரு திசையில் சிதறிப்போவதால் கண்ணுக்கு உறைப்பதில்லை. எண்ணெய் அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சமதளமாக்கியதும், அதே ஒளி ஒரே திசையில் திரும்புகிறது. தோலுக்குள் போய் நிறத்தோடு வெளியே வரும் ஒளி கறுத்த முகத்தில் குறைவு என்பதால், அந்த மினுக்கம் அங்கே இன்னும் பளிச்சென்று தெரியும். மாநிறப் பெண்கள் பலர் தங்களுக்கு மட்டும் எண்ணெய் கூடுதலாக வழிகிறது என்று எண்ணிக்கொள்வதற்குச் சுரப்பியைவிட இந்த ஒளியியலே பெரிய காரணமாக இருக்கக்கூடும் என்று நான் நினைக்கிறேன்.

சினிமாக்காரர்கள் இதோடு முன்பே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1930-களில் டெக்னிகலர் வண்ணப்படம் பரவியபோது, அதுவரை பூசிவந்த கிரீஸ் பெயின்ட் கடும் விளக்குகளின் கீழ் மினுங்கியது. பக்கத்திலிருக்கும் துணி, சுவர் ஆகியவற்றின் நிறத்தையெல்லாம் முகத்தில் காட்டியது. மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் அதற்காகத்தான் பேன்கேக்கை உருவாக்கியது: டால்க்கும் நிறமியும் சேர்த்து அழுத்திய கட்டி, ஈர ஸ்பாஞ்சால் தொட்டுப் பூச வேண்டும். 1937-இல் வெளியான 'வோக்ஸ் ஆஃப் 1938' படத்தில் அது திரைக்கு வந்தது. படப்பிடிப்பில் பூசிக்கொண்ட பெண்கள் அதை வீட்டுக்கும் எடுத்துப்போகத் தொடங்க, அடுத்த ஆண்டே கடைக்கு வந்துவிட்டது. அது சென்னைக்கும் வந்தது. ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன், அந்தப் பேன்கேக் அங்கே லாரி லாரியாக வாங்கப்பட்டதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். சுற்றிலும் விளக்கெரியும் ஒப்பனை அறையில், வெக்கை நடுவே, மினுக்கத்தை அடக்கக் கனமான தூளை நம்பிய காலம் அது. இன்றும் பலர் வீட்டில் அதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். விளக்கும் காமிராவும் மட்டும் இல்லை.

எண்ணெய்ச் சருமக்காரர்களின் இன்னொரு பெரிய மனக்குறை, காலையில் சரியாக இருந்த நிறம் மதியத்துக்குள் கறுத்துப்போவது. ஃபவுண்டேஷன் ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிட்டது என்று கடையில் விளக்கம் சொல்வார்கள். நிறமிகளை எடுத்துப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. ஃபவுண்டேஷனின் சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடுகள், வெள்ளை டைட்டானியம் டைஆக்சைடு. சிவப்பு, மஞ்சள் ஆக்சைடுகளில் இரும்பு ஏற்கெனவே முழுமையாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்த நிலையில்தான் இருக்கிறது, டைட்டானியமும் அப்படியே. மஞ்சள் ஆக்சைடு சிவப்பாக மாறுவதற்கு 200 டிகிரியைத் தாண்டிய சூடு வேண்டும். முகத்தில் அது நடக்க வழியில்லை. காற்றோடு வினைபுரிவது நம் எண்ணெயிலுள்ள ஸ்குவாலீன். அதனால் பருத் தொல்லை வரலாம், ஆனால் நிறமி கறுக்காது.

நிஜக் காரணத்தைப் பஜ்ஜி மடித்த செய்தித்தாள் காட்டிக்கொடுக்கும். எண்ணெய் ஊறிய இடத்தில் காகிதம் கண்ணாடியாகிப் பின்பக்கத்து எழுத்து தெரிகிறது. காகிதம் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், அதன் நார்களுக்கும் இடையிலுள்ள காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வித்தியாசம். அந்த எல்லைகள் ஒவ்வொன்றிலும் ஒளி சிதறுகிறது. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்துவிட்டால் வித்தியாசம் குறைந்து, சிதறலும் குறைந்துபோகிறது. ஃபவுண்டேஷனிலும் இதேதான். சிலிக்காவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.46; சருமத்தின் எண்ணெயும் அதற்குப் பக்கத்தில்தான் வரும். துளையெல்லாம் எண்ணெய் நிறைந்த சிலிக்காத் துகள் ஒளிக்கு இருப்பதே தெரியாது. டைட்டானியம் டைஆக்சைடின் எண் 2.7 என்பதால் அது மறையாது. ஆனால் அதன் வெண்மையும் கொஞ்சம் குறையும். வெள்ளை குறைந்தால் சிவப்பும் மஞ்சளும் தூக்கலாகத் தெரியும், மொத்தத்தில் ஒரு படி கறுக்கும். முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரவம் ஆவியாகிப் படலம் இறுகுவதாலும் நிறம் சற்று மாறும்.

இது தெரிந்தால் கடையில் செய்ய வேண்டியதும் தெரியும். கையின் பின்புறத்தில் தடவிப் பார்த்து உடனே முடிவெடுப்பதில் பயனில்லை. கைக்கு முகத்தின் நிறமும் இல்லை, எண்ணெயும் இல்லை. தாடை ஓரத்தில் இரண்டு மூன்று நிறங்களைக் கோடாக இழுத்து, நெற்றியிலும் ஒரு சிறு பொட்டு வைத்துக்கொண்டு, வெளியே போய் வேறு வேலைகளைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். அப்போது கழுத்தோடு ஒட்டிப்போகிற நிறம்தான் உங்களுடையது. கடை விளக்கின் கீழ் பொருந்துகிற நிறம் வெயிலில் வேறாகத் தெரியலாம். நம் ஊர் முகங்கள் பலவற்றில் நெற்றியும் வாயோரமும் கன்னத்தைவிடக் கறுத்திருக்கும் என்பதால், கன்னத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலும் கணிப்பு தப்பிவிடும்.

கவுன்ட்டரில் நிற்பவர் கேட்காமலேயே இரண்டு படி வெளுப்பான புட்டியை நீட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் பழக்கம். மாநிறத்தவரின் மனத்தைப் புண்படுத்துவதோடு, அது அறிவியல்படியும் தோற்றுப்போகிறது. கறுத்த பின்னணியின் மேல் மெல்லிய வெள்ளைத் துகள் படலம் இருக்கும்போது, அது நீல ஒளியைச் சற்றுக் கூடுதலாகச் சிதறடிக்கும். கீழே இருந்து சிவப்பும் மஞ்சளும் திரும்பி வந்து அதை ஈடுசெய்வதில்லை. விளைவு, முகம் வெளுக்காமல் சாம்பல் பூக்கிறது. தென்னிந்திய நிறங்களில் பொன்மஞ்சள், ஆலிவ் சாயல்கள் அதிகம். அவற்றுக்கு இரும்பு ஆக்சைடு கூடுதலாகவும் டைட்டானியம் குறைவாகவும் உள்ள கலவை வேண்டும். 2017-இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி ஒரே ஃபவுண்டேஷனை 40 நிறங்களில் கொண்டுவந்த பிறகு, மற்ற நிறுவனங்களும் அடர்நிறங்களைக் கூட்டவேண்டிய கட்டாயம் வந்தது. சரியான நிறம் இன்று கிடைக்கிறது. கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

புட்டியின் பின்பக்கத்து மூலப்பொருள் பட்டியல் பொதுவாக அளவு இறங்குவரிசையில் இருக்கும். எண்ணெய்ச் சருமத்துக்கு அதில் தேடவேண்டியவை மூன்று. தொடக்கத்தில் தண்ணீரோ, சைக்ளோபென்டாசிலாக்ஸேன், ஐசோடோடெக்கேன் போன்ற ஆவியாகும் திரவங்களோ இருப்பது நல்லது. பூசும்போது வழுக்கிப் பரவிவிட்டுப் பிறகு விலகிக்கொள்பவை இவை. அடுத்தது படலம் கட்டும் பொருள். டிரைமெத்தில்சிலாக்ஸிசிலிக்கேட் என்ற நீண்ட பெயரைப் பார்த்தால் மிரள வேண்டாம். சருமத்தின் எண்ணெயில் சுலபத்தில் கரையாத சிலிக்கோன் பிசின் அது. அக்ரிலேட் சேர்ந்த பெயர்களும் இந்த வேலையைச் செய்பவை. மூன்றாவது, சிலிக்கா, கயோலின், பெர்லைட், மாவுச்சத்து என்று ஏதாவதொரு உறிஞ்சு தூள். நைலான்-12 போன்ற பிளாஸ்டிக் துகள்களும் இந்த வரிசையில் வரும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நுண்பிளாஸ்டிக்குகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்து, மேக்கப் பொருள்களுக்கு 2035 வரை அவகாசம் கொடுத்திருப்பதால், சிலிக்காவும் மாவுச்சத்தும் அவற்றின் இடத்தைப் பிடித்துவருகின்றன. பட்டியலின் முதல் சில பெயர்களில் ஆமணக்கெண்ணெய், கனிம எண்ணெய், ஷியா வெண்ணெய், மெழுகுகள் என்று வந்தால் அந்த ஸ்டிக்கும் கிரீமும் வறண்ட சருமக்காரர்களுக்கு இருக்கட்டும்.

'எண்ணெய் இல்லாதது' என்ற வாசகத்தை மட்டும் நம்பி வாங்கவேண்டாம். தாவர எண்ணெயும் கனிம எண்ணெயும் இல்லை என்பது அதன் பொருளாக இருக்கலாம். எண்ணெய் மாதிரியே நடந்துகொள்ளும் எஸ்டர்கள் தாராளமாக இருக்கும். 'நான்-காமெடோஜெனிக்', அதாவது துளையடைக்காதது என்ற வாசகத்துக்கும் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வரையறை எதுவும் வகுக்கவில்லை. எந்தப் பொருள் துளையை அடைக்கும் என்று ஆன்லைனில் சுற்றும் மதிப்பெண் பட்டியல்கள் பெரும்பாலும் முயல் காதின் உட்புறத்தில் பூசிப் பார்த்த பழைய சோதனைகளிலிருந்து வந்தவை. முயல் காது மனித முகத்தைவிட வெகு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அழகு சாதனங்களுக்கு விலங்குகளில் சோதனை செய்வதை இந்தியா 2014-இலேயே தடைசெய்துவிட்டது. பருவரும் சருமம் என்றால், புதிய ஃபவுண்டேஷனைத் தாடையின் ஒரு பக்கத்தில் மட்டும் சில வாரங்கள் பூசிப் பார்ப்பது எந்த வாசகத்தையும்விட நம்பகமான சோதனை.

பூசும் முறைக்கு வருவோம். முந்தின இரவே முல்தானி மெட்டியும் பயத்தமாவும் போட்டு முகத்தைச் சுரண்டி வைப்பவர்கள் உண்டு. மேலே இருக்கும் எண்ணெய் போகும். ஆனால் தோலின் ஈரமும் போய்ச் செதில் எழும்பினால், நிறமி அந்தச் செதில்களில் போய் அப்பிக்கொண்டு திட்டுத் திட்டாகத் தெரியும். மிதமான ஃபேஸ்வாஷ் போதும். அதன்பின் எண்ணெய் குறைந்த ஜெல் மாய்ஸ்சரைசர், அது இழுத்துக்கொண்டதும் சன்ஸ்கிரீன்.

சன்ஸ்கிரீன் தனியாகத்தான் வேண்டும். எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதனைக் கூடத்தில் அளப்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி. நாம் ஃபவுண்டேஷன் பூசுவதோ அதில் பாதி, பல நேரம் அதற்கும் குறைவு. அட்டையில் இருக்கும் பாதுகாப்பு முகத்துக்கு வந்துசேராது. ஆனால் ஃபவுண்டேஷனின் இரும்பு ஆக்சைடுகள் இன்னொரு நல்லது செய்கின்றன. மாநிறத் தோலில் கருந்திட்டுகளை அழுத்தமாக்குவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. சாதாரண சன்ஸ்கிரீனில் தப்பிவிடும் அந்த ஒளியை இரும்பு ஆக்சைடுகள் கணிசமாகத் தடுக்கும். மங்கு உள்ளவர்களுக்கு நிறமேற்றிய சன்ஸ்கிரீனைத் தோல் மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பது இதற்காகவே.

சன்ஸ்கிரீன் படலம் இறுகப் பத்து நிமிடமாவது கொடுங்கள். ஈரமாக இருக்கும்போதே மேலே தேய்த்தால் இரண்டும் சேர்ந்து உருண்டு உருண்டு வரும். பிரைமர் விருப்பமென்றால் மூக்கின் இருபுறமும் புருவ நடுவிலும் மட்டும், பட்டாணி அளவுக்கும் குறைவாக. அது சிலிக்கோன் களிம்பு. பெரிய துளைகளின் பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கும், எண்ணெயை நிறுத்தாது.

ஃபவுண்டேஷனை எடுத்ததும் பலர் முதல் பொட்டை மூக்கில் வைக்கிறார்கள். எண்ணெய் அதிகம் வருகிற இடத்திலேயே பூச்சும் கனமாக விழுந்துவிடுகிறது. கனமான படலம் எண்ணெயை அடக்கும் என்று தோன்றும், நடப்பது வேறு. எண்ணெய் மேலிருந்து விழுவதில்லை, படலத்துக்கு அடியிலுள்ள துளையிலிருந்து முளைக்கிறது. மெல்லிய படலத்தில் அது ஊடுருவி மேலே வந்து பரவிவிடும். ஒற்றி எடுத்தால் போய்விடும். கனமான படலத்திலோ அடியிலேயே தேங்கி, படலத்தைத் துளையைச் சுற்றி நகர்த்திவிடும். மாலையில் மூக்கைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஒவ்வொரு துளைக்கும் சுற்றிலும் ஒரு நிறமி வளையமும் நடுவில் வெறுந்தோலும் இருக்கும். கனமான படலம் சிரிக்கும்போது மடிப்புகளில் விரிசல் விடவும் செய்யும். எனவே கன்னத்தின் நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் மெலிதாக்கிக்கொண்டே போய், ஸ்பாஞ்சில் மிஞ்சியிருப்பதைக் கொண்டு நெற்றியையும் கடைசியாக மூக்கையும் தொட்டால் போதும். ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்துகொண்டு ஒற்ற வேண்டும். இழுத்துத் தேய்க்கக் கூடாது. நனைந்த ஸ்பாஞ்ச் பூச்சைக் குறைவாகக் குடிக்கும், படலமும் சீராக விழும். தழும்போ கருந்திட்டோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கன்சீலர். அதற்காக முகம் முழுவதற்கும் இரண்டாம் கோட்டிங் தேவையில்லை.

பவுடரும் அப்படியே. வெல்வெட் பஃபில் கொஞ்சம் தொட்டு, உதறி, நெற்றியிலும் மூக்கிலும் முகவாயிலும் அழுத்தி எடுக்கலாம். கன்னத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. நம் வீடுகளில் முகப்பவுடர் என்றால் டால்க்தான். அது வழவழப்பாகப் பரவும், ஆனால் எண்ணெய் உறிஞ்சும் திறனில் நுண்துளைச் சிலிக்காவுக்குப் பக்கத்தில் வராது. எண்ணெய் வழிந்த பிறகு அதன்மேல் டால்க் போட்டால் திட்டு திட்டாகக் கட்டிக்கொள்வது அதனால்தான்.

மதியம் கண்ணாடி பார்த்ததும் காம்பேக்டை எடுக்கும் கையை நிறுத்தி, முதலில் தாளை எடுக்க வேண்டும். ஜப்பானில் இதற்கென்றே ஒரு தாள் உண்டு. கனாசவா நகரத்தில் தங்கத்தைத் தகடாக அடிக்கும்போது அடுக்குகளுக்கு நடுவே வைக்கும் காகிதம், அடிபட்டு அடிபட்டு நார்கள் நெருங்கி, எண்ணெயை மட்டும் நன்றாக இழுக்கும் தன்மை பெற்றுவிடும். அதை முகத்தில் ஒற்றிப் பார்த்தவர்கள்தான் அபுராதோரிகாமி என்ற எண்ணெய்த் தாளைத் தொடங்கிவைத்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் நீலநிற பிளாஸ்டிக் தாள்களில் கண்ணுக்குத் தெரியாத காற்றுத் துளைகள் இருக்கின்றன. எண்ணெய் புகுந்ததும் தாள் அந்த இடத்தில் மட்டும் ஒளி புகுவதாகிவிடும். சோதனைக் கூடங்களில் எண்ணெய்ப் பசையை அளக்கும் செபுமீட்டர் கருவியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது: ஒரு நாடாவை 30 விநாடி தோலில் அழுத்தி, அது எவ்வளவு ஒளி விடுகிறது என்று பார்க்கும். தாள் இல்லையென்றால் டிஷ்யூவை இதழ் பிரித்து ஒற்றலாம். அழுத்தி, இரண்டு மூன்று விநாடி வைத்திருந்து, நேராகத் தூக்கிவிட வேண்டும். துடைத்தால் ஐந்து மைக்ரான் படலமும் கூடவே வந்துவிடும். ஒற்றிய பிறகும் மினுக்கம் இருந்தால் மட்டும் துளி பவுடர். எண்ணெயை எடுக்காமல் பவுடர் போட்டால் அது அங்கேயே ஊறிப் பசையாகி, மறைந்தும்போய், மாலைக்குள் மூன்று நான்கு அடுக்குச் சேர்ந்துவிடும்.

இந்த எல்லாச் சோதனையும் ஒன்றாக வருவது கல்யாணப் பெண்ணுக்குத்தான். அதிகாலையில் போட்ட மேக்கப்போடு ஹோமத் தீக்கு எதிரே உட்கார வேண்டும். தீயின் சூடு, புகை, பட்டுப்புடவை, வீடியோ விளக்கு. தோல் சூடேறும்போது எண்ணெயும் ஏறுகிறது, அதற்கு மேல் வியர்வை. அனுபவமுள்ள ஒப்பனைக் கலைஞர்கள் இதற்காக மூன்று மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் காயவிட்டு ஒற்றி எடுக்கிறார்கள். தாலி கட்டுமுன் ஒரு தோழி டிஷ்யூவோடு பக்கத்தில் இருப்பது விலையுயர்ந்த செட்டிங் ஸ்ப்ரேயைவிடப் பயன்படும். வெண்மையான சிலிக்கா பவுடரை அன்று கண்ணுக்குக் கீழே தாராளமாகப் போட்டால், நேரில் தெரியாமல் ஃபிளாஷ் போட்டோவில் வெள்ளைத் திட்டாகப் பளீரிடும். முந்தின நாளே பூசி, செல்போன் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டால் ஆல்பம் தப்பிக்கும்.

சருமத்தின் எண்ணெயில் சுலபத்தில் கரையாத பிசின் முகத்தில் நாள் முழுக்க நின்றதென்றால், இரவில் வெறும் ஃபேஸ்வாஷுக்கும் அது அசைந்துகொடுக்காது. கிளென்சிங் ஆயிலோ பாமோ உலர்ந்த முகத்தில் ஒரு நிமிடம் தேய்த்து, தண்ணீர் தொட்டுப் பால்மமாக்கிக் கழுவி, அதற்குப் பிறகு ஃபேஸ்வாஷ். தேங்காயெண்ணெயால் துடைத்தாலும் மேக்கப் போகும். ஆனால் அது தானாகத் தண்ணீரோடு போகாது, பருவரும் முகத்தில் மிச்சமிருந்தால் துளையடைப்புக்கு வழி. ஸ்பாஞ்சையும் அன்றே சோப்புப் போட்டுப் பிழிந்து, காற்றோட்டமான இடத்தில் உலர்த்துங்கள். பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் பயன்பாட்டிலிருந்த மேக்கப் பொருள்களைச் சோதித்தபோது, கிருமிகள் மிக அதிகமாக இருந்தது ஸ்பாஞ்சுகளில். அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒரு முறைகூடக் கழுவப்படாதவை. ஈர ஸ்பாஞ்சை அப்படியே டப்பாவில் மூடி வைத்தால், மறுநாள் காலை முகத்துக்குப் போவது நேற்றைய எண்ணெயும் அதில் வளர்ந்தவையும்தான்.